டிகிரி ஆடிட்டில் மூன்று சிவப்பு வரி: பெட்டிஷன் போடுவதா, இரண்டாம் பட்டம் படிப்பதா?

கேள்வி: அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எஃப்-1 மாணவர் விசாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இளநிலை கடைசி ஆண்டு படிக்கிறேன். முதல் இரண்டு ஆண்டு வேறு மாநிலத்தில், குவார்ட்டர் முறையில் (ஆண்டை மூன்று சிறு பருவங்களாகப் பிரிக்கும் முறை) நடக்கும் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டாண்டுக் கல்லூரி) படித்தேன். போன கோடையில் அங்கேயே எடுத்த 5 கிரெடிட் இயற்பியலையும் சேர்த்து 88 குவார்ட்டர் கிரெடிட் அங்கிருந்து வந்திருக்கிறது. இங்கே மூன்றாம் ஆண்டில் 32 செமஸ்டர் கிரெடிட் முடித்தேன். இந்த இலையுதிர் பருவத்தில் 14 போய்க்கொண்டிருக்கிறது, வசந்தத்தில் 14 எடுப்பதாகத் திட்டம். மே மாதம் பட்டம் வாங்க விண்ணப்பித்துவிட்டேன்.

டிகிரி ஆடிட்டில் (பட்டத்துக்கு என்ன முடிந்தது, என்ன பாக்கி என்று காட்டும் பட்டியல்) மூன்று வரி சிவப்பாக, அதாவது நிறைவேறாமல், இருக்கிறது. ஒன்று, 3 கிரெடிட் மேல்நிலை (மூன்றாம், நான்காம் ஆண்டுக்குரிய) நிகழ்தகவு-புள்ளியியல் பாடம். அது இலையுதிரில் மட்டும்தான் நடக்கும். கடைசி ஆண்டு ப்ராஜெக்ட் வகுப்போடு நேரம் மோதியதால் எடுக்க முடியவில்லை. ஆனால் கம்யூனிட்டி காலேஜில் 5 குவார்ட்டர் கிரெடிட் புள்ளியியல் படித்து ஏ மைனஸ் வாங்கியிருக்கிறேன். கால்குலஸ் இரண்டாம் பாகம் முடித்தவர்களுக்கான பாடம் அது. இங்கே மெஷின் லேர்னிங்கில் ஏ. இரண்டு, மேல்நிலை கிரெடிட் 45 வேண்டும், 42 தான் வருகிறது. மூன்று, கடைசி 30 கிரெடிட்டை இங்கேயே எடுத்திருக்க வேண்டும் என்ற விதி. விதிவிலக்கு கேட்டு ஒரு பெட்டிஷன் போட்டால் மூன்றும் சரியாகிவிடுமா? அட்வைசர் "போட்டுப் பாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். ஊரிலிருந்து அப்பா பதிவாளர் அலுவலகத்துக்கு இரண்டு மெயில் அனுப்பினார், பதிலே இல்லை. ஜூலையில் சேரச் சொல்லி வேலை ஆஃபரும் வந்திருக்கிறது.

இன்னொன்று. இன்னும் ஆறு பாடம் எடுத்தால் கணிதமும் மேஜராகிவிடும் (முதன்மைப் பாடம்). "இரண்டு டிகிரியாக வாங்கிக்கொண்டு வா" என்கிறார்கள் வீட்டில். இதை முடித்த பிறகு அதைச் சேர்த்துக்கொள்ள முடியுமா?

— பெயர் வேண்டாம்

பதில்: முதலில் ஒரு கூட்டல். குவார்ட்டர் கிரெடிட்டை செமஸ்டர் கிரெடிட்டாக்க மூன்றில் இரண்டு பங்கு எடுக்க வேண்டும். உங்கள் 88 இங்கே 58.67 ஆகிறது. இந்தப் பல்கலைக்கழகத்தில் 32, 14, 14, ஆக 60. மொத்தம் 118.67. அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 செமஸ்டர் கிரெடிட் வேண்டும். உங்கள் பல்கலைக்கழக விதிகள் அடங்கிய கேட்லாகிலும் அதுதான் என்றால் 1.33 கிரெடிட் குறைகிறது. மூன்று சிவப்பு வரியைப் பார்த்த நீங்கள் இந்த நான்காவதைப் பார்க்கவில்லை. வசந்தத்துக்கு இன்னும் பதிவு செய்யாததால் மொத்தக் கிரெடிட் வரி இப்போதைக்கு "நடப்பில்" என்றே இருந்திருக்கும், அதனால் கண்ணில் பட்டிருக்காது. குவார்ட்டர் முறையிலிருந்து செமஸ்டர் முறைக்கு மாறி வருகிறவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இதுதான். 3 கிரெடிட் என்று நினைத்து எடுத்த 4 குவார்ட்டர் கிரெடிட் பாடம் இங்கே 2.67 ஆகிவிடும். பாடத்துக்குப் பாடம் இப்படிச் சில்லறை உதிர்ந்து, கடைசியில் ஒரு முழுப் பாடத்தின் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும்.

பெட்டிஷனால் இந்தப் பள்ளத்தை மூட முடியாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் உங்கள் மற்ற வரிகளும் பிடிபடும். ஒரு பாடத்துக்கு மாற்றாக வேறொன்றை ஏற்றுக்கொள்வது சப்ஸ்டிட்யூஷன். அந்தப் பாடமே வேண்டாம் என்று விடுவது வேவர். இரண்டிலுமே கழிவது பாடம்தான், கிரெடிட் இல்லை. கம்யூனிட்டி காலேஜ் புள்ளியியலின் 3.33 ஏற்கெனவே அந்த 58.67-க்குள் இருக்கிறது. அதைக் கொண்டு இங்குள்ள பாடத்துக்கு ஈடு செய்தால் புள்ளியியல் வரி பச்சையாகும், மொத்தம் 118.67-லேயே நிற்கும். மேல்நிலை வரியும் அசையாது. கம்யூனிட்டி காலேஜில் எடுத்த பாடம், உள்ளடக்கத்தில் மேல்நிலைப் பாடத்துக்கு ஈடானாலும், கிரெடிட் கணக்கில் பெரும்பாலும் கீழ்நிலையாகவே பதிவாகும். அதாவது பெட்டிஷன் முழுமையாக ஜெயித்தாலும் உங்களுக்கு மூன்று வரி பாக்கி நிற்கும்.

அந்த மூன்றையும் பெட்டிஷன் இல்லாமலே தீர்க்கலாம். வசந்தத்தில் 14-க்குப் பதில் 17 கிரெடிட் எடுங்கள். கூடுதலாக எடுக்கும் அந்த ஒரு 3 கிரெடிட் பாடம் மேல்நிலைப் பாடமாக இருக்கட்டும். மொத்தம் 121.67 ஆகும். மேல்நிலை 45 ஆகும். கடைசி ஆண்டில் இங்கே எடுத்தது 14-உம் 17-உம் சேர்ந்து 31 ஆகும். கோடையில் வெளியே எடுத்த இயற்பியல் "கடைசி 30"-க்கு வெளியே போய்விடும். இப்போது அந்த விதி ஏன் சிவப்பாகிறது என்றால், கடைசி ஆண்டில் 28 தான் இருக்கிறது, பாக்கி 2 கிரெடிட்டைப் பின்னோக்கித் தேடும்போது கோடை இயற்பியல் சிக்குகிறது. விதியின் வாசகத்தை மட்டும் ஒருமுறை கேட்லாகில் படித்துவிடுங்கள். சில இடங்களில் "கடைசி 36-இல் 30" என்றிருக்கும், அப்படியானால் இப்போதே தேறியிருப்பீர்கள்.

எந்தப் பாடம் எடுப்பது? கணிதத் துறையிலோ புள்ளியியல் துறையிலோ வசந்தத்தில் நடக்கும் மேல்நிலைப் பாடமாகப் பாருங்கள்: மேத்தமேட்டிகல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ், ஸ்டொக்காஸ்டிக் ப்ராசஸ், ரெக்ரஷன் போன்றவை. முன்தேவைப் பாடம் முடிக்கவில்லை என்று கணினி தடுத்தால், ஆசிரியரிடம் கம்யூனிட்டி காலேஜ் சிலபஸைக் காட்டி ஓவர்ரைடு (அந்தத் தடையை நீக்கும் அனுமதி) கேளுங்கள். இதற்கு ஒரு மெயில் போதும், கமிட்டி வேண்டியதில்லை. அது கிடைத்துவிட்டால் பெட்டிஷனுக்கும் பலம்: அடிப்படைப் பாடத்தை முடித்தவராக உங்களைத் துறையே ஒத்துக்கொண்டு அடுத்த படிக்கு விட்டிருக்கிறது என்று எழுதலாம்.

ஆக, பெட்டிஷன் தேவைப்படுவது புள்ளியியல் பாடத்துக்கு மட்டும். ஒரே மனுவில் மூன்று விலக்கு கேட்பதைவிட ஒன்று கேட்பது எப்போதும் நல்லது. மூன்று கேட்கிறவரைப் பார்த்தால் திட்டமிடத் தெரியாதவர் என்ற எண்ணம்தான் கமிட்டிக்கு வரும்.

இப்போது அந்த ஒன்றுக்கு வருவோம். எந்த விதியிலிருந்து விலக்கு கேட்டாலும், அந்த விதி யாருடையது என்பதை முதலில் பார்க்க வேண்டும். போட்டவர் கையில்தான் தளர்த்தும் அதிகாரமும் இருக்கும். மேஜருக்கான பாடம் துறையுடையது; துறைத் தலைவரோ இளநிலைப் படிப்புக்கான பொறுப்பாளரோ கையெழுத்திட்டால் முடிந்தது. பொதுக்கல்விப் பாடங்கள், அயல்மொழி போன்றவை கல்லூரியுடையவை, டீன் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மொத்தக் கிரெடிட், இங்கேயே எடுக்க வேண்டிய கிரெடிட், குறைந்தபட்ச ஜி.பி.ஏ. ஆகியவை பல்கலைக்கழகத்துடையவை. அதற்கும் மேலே வெளியார் விதிகள் இருக்கின்றன. பட்டத்துக்கான கிரெடிட்டில் கால் பங்காவது, அதாவது 120-க்கு 30, பட்டம் தரும் நிறுவனத்திலேயே எடுத்திருக்க வேண்டும் என்று அங்கீகார அமைப்புகள் பல சொல்கின்றன. அதை டீனாலும் தொட முடியாது. உங்களுக்கு 60 இருப்பதால் கவலையில்லை. டெக்சாஸில் 6 கிரெடிட் அமெரிக்க வரலாறும் 6 கிரெடிட் அரசியலமைப்பு-ஆட்சிமுறையும் மாநிலச் சட்டம். எவ்வளவு உருக்கமாக எழுதினாலும் துறைத் தலைவரால் ஒன்றும் செய்ய முடியாது. ஏபெட் என்ற அங்கீகார அமைப்பு ஒப்புக்கொண்ட பொறியியல் பட்டங்களில் கணிதமும் அடிப்படை அறிவியலும் சேர்ந்து 30 செமஸ்டர் கிரெடிட், பொறியியல் பாடங்கள் 45 என்று அடித்தளம் உண்டு. நியாயமான மனுக்கூட சில சமயம் மறுக்கப்படுவது, ஒப்புக்கொண்டால் அந்த எண் குறைந்துவிடும் என்பதால்தான். உங்கள் புள்ளியியல் பாடம் துறையின் விதி. முடிவு ஒரே படியில் கிடைக்கக்கூடிய வகை.

உங்கள் அட்வைசர் "போட்டுப் பாருங்கள்" என்றதில் தவறில்லை, ஆனால் அது பாதி ஆலோசனைதான். அவர் கையில் முடிவு இல்லை. அவரிடம் கேட்க வேண்டியது வேறு: இதே கம்யூனிட்டி காலேஜ் பாடத்தை இதற்கு முன் யாருக்காவது ஏற்றிருக்கிறார்களா, எந்தப் படிவம், யார் படிப்பார், எத்தனை நாளாகும். முன்னுதாரணம் ஒன்று இருந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மனுவைப் பலரும் கருணை மனுவாக எழுதுகிறார்கள். வேலை போய்விடும், வீட்டில் கடன், இன்னொரு பருவத்துக்குக் கட்டணம் கட்ட முடியாது. எல்லாம் உண்மையாகவே இருக்கும். ஆனால் படிக்கிற பேராசிரியர் தேடுவது ஒன்றைத்தான்: இந்தப் பாடம் எதற்காக வைக்கப்பட்டதோ அந்த அறிவு இந்த மாணவரிடம் இருக்கிறதா? அதற்கு ஆதாரம் வேண்டும். "எனக்குத் தெரியாது, யாரும் சொல்லவில்லை" என்பது ஆதாரம் ஆகாது. யாராவது தவறாகச் சொல்லியிருந்தால் அந்த மெயிலை இணைத்தால்தான் அது காரணம். வாய்மொழியாகச் சொன்னதற்கு மதிப்பில்லை. "இலையுதிரில் மட்டும் நடக்கிறது, நேரம் மோதியது" என்பதைத் துணைக்காரணமாக ஒரே வரியில் சொல்லுங்கள். முதல் வரியில் வைத்தால், "போன ஆண்டு இலையுதிரில் ஏன் எடுக்கவில்லை?" என்ற கேள்வியை நீங்களே கூப்பிட்டுக் கொடுத்தது போலாகும்.

இணைக்க வேண்டியவை: கம்யூனிட்டி காலேஜ் புள்ளியியலின் முழு சிலபஸ், நீங்கள் படித்த அதே பருவத்துடையது. வாராவாரம் என்ன நடந்தது, எந்தப் பாடநூல், எந்த அத்தியாயங்கள், மதிப்பெண் எப்படிப் பிரிக்கப்பட்டது எல்லாம் அதில் இருக்க வேண்டும். இன்றைய இணையதளத்திலிருந்து இறக்கிய சிலபஸை இணைத்தால், வேறு ஆசிரியருடையது என்று தள்ளிவிட வாய்ப்புண்டு. உங்களிடம் இல்லையென்றால் அந்தக் கல்லூரியின் துறை அலுவலகத்தை இன்றே கேளுங்கள். பழைய சிலபஸ்களைப் பெரும்பாலும் வைத்திருப்பார்கள், ஆனால் தேடி எடுத்துத் தர நாளாகும். கூடவே, அந்த ஆண்டுக் கேட்லாகில் அந்தப் பாடத்தின் விளக்கம், முன்தேவை வரி தெரியும்படி. படிக்கிறவர் முதலில் பார்ப்பது அந்த வரியைத்தான். புள்ளியியலில் கால்குலஸோடு நடத்துவது ஒரு சாதி, அல்ஜீப்ரா மட்டும் வைத்து நடத்துவது வேறு சாதி. இரண்டாவது வகை மேல்நிலைப் பாடத்துக்கு ஈடாகவே ஆகாது. உங்களுடையது முதல் வகை என்பதுதான் உங்கள் துருப்புச்சீட்டு. அதிகாரபூர்வ ட்ரான்ஸ்கிரிப்ட் ஏற்கெனவே இங்கே இருக்கும், ஒரு நகல் போதும். வசந்தத்துக்கான பாடத்திட்டத்தையும், 17 கிரெடிட்டோடு, ஒரு பக்கத்தில் போடுங்கள்.

இவற்றையெல்லாம்விட முக்கியம் ஒப்பீட்டுத் தாள். துறைப் பாடத்தின் சிலபஸில் உள்ள தலைப்புகளை இடப்பக்கம் ஒவ்வொன்றாக எழுதுங்கள்: நிபந்தனை நிகழ்தகவு, பேயஸ் தேற்றம், ராண்டம் வேரியபிள், எதிர்பார்ப்பு மதிப்பு, சென்ட்ரல் லிமிட் தேற்றம், மதிப்பீடு, கருதுகோள் சோதனை என்று போகும். வலப்பக்கம், அதை எந்த வாரம், எந்த அத்தியாயத்தில் படித்தீர்கள் என்று எழுதுங்கள். பொருந்தாதது இருந்தால் மறைக்க வேண்டாம். கால்குலஸ் வழிப் புள்ளியியலிலும் கம்யூனிட்டி காலேஜில் விடுபடக்கூடியவை ஜாயின்ட் டிஸ்ட்ரிபியூஷன், மொமென்ட் ஜெனரேட்டிங் ஃபங்ஷன் போன்றவை. துறையில் அந்தப் பாடத்தை நடத்துகிறவரிடமே மனு போகும். அவர் கண் நேராக அங்கேதான் போகும். வெற்று இடத்தை அவர் கண்டுபிடிப்பதற்கு முன் நீங்களே காட்டிவிட்டால் மீதித் தாளை நம்பிப் படிப்பார்.

மனுவின் முதல் பத்தி இந்த மாதிரி இருக்கட்டும். எண்களை உங்கள் சிலபஸ்களைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்:

"மேஜருக்குரிய 3 கிரெடிட் நிகழ்தகவு-புள்ளியியல் பாடத்துக்கு மாற்றாக, கம்யூனிட்டி காலேஜில் ஏ மைனஸுடன் முடித்த 5 குவார்ட்டர் கிரெடிட் (3.33 செமஸ்டர் கிரெடிட்) புள்ளியியல் பாடத்தை ஏற்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டுக்கும் முன்தேவை கால்குலஸ் இரண்டாம் பாகம். துறை சிலபஸின் 13 தலைப்புகளில் 11 அதில் நடத்தப்பட்டன. வாரவாரியான ஒப்பீடு இணைப்பு 1-இல் உள்ளது. ஜாயின்ட் டிஸ்ட்ரிபியூஷனை இங்கே மெஷின் லேர்னிங் பாடத்தில் படித்தேன் (ஏ). மொமென்ட் ஜெனரேட்டிங் ஃபங்ஷன், வசந்தத்தில் நான் எடுக்கவிருக்கும் மேல்நிலைப் புள்ளியியல் பாடத்தின் மூன்றாம் வாரத்தில் வருகிறது. மொத்தக் கிரெடிட், மேல்நிலைக் கிரெடிட் இரண்டையும் அந்தப் பாடத்தால் நிறைவு செய்கிறேன். அவற்றுக்கு விலக்கு கேட்கவில்லை."

அந்தக் கடைசி வாக்கியத்துக்குத் தனி மதிப்பு உண்டு. சலுகை தேடி வந்தவர் இல்லை, கணக்குப் பார்த்து வந்தவர் என்று அது சொல்கிறது. மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். மெஷின் லேர்னிங் ஆசிரியரிடமிருந்து இரண்டு வரி மெயில் ஒன்று கிடைத்தால் இணையுங்கள்: "என் பாடத்தில் இது நடத்தப்பட்டது, இவர் நன்றாகச் செய்தார்." நீளமான சிபாரிசுக் கடிதம் தேவையில்லை.

உடல்நலமோ மனநலமோ காரணமாக விலக்கு கேட்கிற வாசகர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை. மருத்துவ அறிக்கைகளை மனுவோடு கமிட்டிக்கு அனுப்பாதீர்கள். மாற்றுத்திறன் சேவை அலுவலகத்தில் கொடுங்கள். அவர்கள் "ஆவணம் பார்த்தோம், தேவை உண்மை" என்று துறைக்கு எழுதுவார்கள். பட்டத்துக்கான குறிப்பிட்ட பாடத்துக்கு மாற்றுப் பாடம் தருவதை 1973 மறுவாழ்வுச் சட்டத்தின் விதிமுறைகளே ஓர் ஏற்பாடாகக் குறிப்பிடுகின்றன. அயல்மொழிக்கு இது பல இடங்களில் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அந்தப் படிப்புக்கு உயிர்நாடியான பாடம் என்றால் கிடைக்காது.

உங்கள் விஷயத்துக்கே திரும்புவோம். நேரம்தான் இதில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நவம்பரில் வசந்தப் பதிவு தொடங்குவதற்கு முன் மனு உள்ளே போயிருக்க வேண்டும். கமிட்டி என்றால் பெரும்பாலும் மாதம் ஒருமுறைதான் கூடும், டிசம்பர் கடைசியில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒப்புதல் வந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். துறை ஒப்புக்கொண்டதை யாராவது ஆடிட்டில் கையால் ஏற்ற வேண்டும். கையெழுத்தான படிவம் யாருடைய மெயிலிலோ உட்கார்ந்திருக்க, ஏப்ரலில் பட்டச் சரிபார்ப்பின்போது வரி இன்னும் சிவப்பாகவே இருப்பது அடிக்கடி நடக்கிறது. இரண்டு வாரத்தில் ஆடிட்டை மறுபடி ஓட்டிப் பாருங்கள். மாறவில்லை என்றால் ஒப்புதல் மெயிலை இணைத்து பதிவாளர் அலுவலகத்துக்கு எழுதுங்கள்.

விசாதான் அவசரத்துக்கு உண்மையான காரணம். படிப்பு முடிந்த பிறகான ஓ.பி.டி.க்கு (எஃப்-1 மாணவர் படித்த துறையில் வேலை செய்யத் தரும் தற்காலிக அனுமதி), ஐ-20-இல் (பல்கலைக்கழகம் தரும் விசா ஆவணம்) உள்ள படிப்பு முடியும் நாளுக்கு 90 நாள் முன்பிருந்து 60 நாள் பின்பு வரை விண்ணப்பிக்கலாம். மே நடுவில் முடிகிறதென்றால் பிப்ரவரி நடுவில் வாசல் திறக்கும். ஜூலை வேலைக்கு நீங்கள் அப்போதே விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். விண்ணப்பித்த பிறகு மனு மறுக்கப்பட்டு, மே மாதம் பாடம் பாக்கி நின்றால் சிக்கல்: இளநிலையில் பாடங்கள் முடியாமல் ஓ.பி.டி. இல்லை. ஆய்வுக்கட்டுரை மட்டும் பாக்கி என்று தரப்படும் சலுகை, பாடம் பாக்கி உள்ளவர்களுக்குப் பொருந்தாது. அதனால் ஜனவரி முடிவதற்குள் பதில் எழுத்தில் வேண்டும். அந்தத் தேதியை மனுவிலேயே ஒரு வரியில் குறிப்பிடலாம், அது கெஞ்சல் ஆகாது.

மறுத்துவிட்டால்? அப்பீல் இருக்கும், ஆனால் புதிய ஆதாரமோ நடைமுறைத் தவறோ இருந்தால்தான் எடுப்பார்கள். அதே மனுவை இன்னும் உருக்கமாக எழுதிப் பயனில்லை. அப்பீலுக்கு முன் மறுத்தவரிடமே போய், "எந்தத் தலைப்பு போதவில்லை?" என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் குறிப்பாக இருக்கும். பிறகு மூன்று வழி. அந்தப் பாடத்தைத் தேர்வு எழுதியே கடக்கும் சேலஞ்ச் எக்ஸாம் துறையில் உண்டா என்று கேட்கலாம். விடுபட்ட பகுதியை ஒரு பேராசிரியரிடம் 1 கிரெடிட் தனிப்படிப்பாக வசந்தத்திலேயே எடுக்கலாம். வசந்தத்தில் எடுக்கும் உயர்நிலைப் புள்ளியியலையே மாற்றுப் பாடமாக ஏற்கும்படி கேட்கலாம்; கீழே உள்ளதற்கு மேலே உள்ளதை ஈடாகக் கேட்டால் பலரும் மறுப்பதில்லை. அதனால்தான் அந்தக் கூடுதல் பாடத்தைப் புள்ளியியலிலிருந்தே எடுக்கச் சொன்னேன்.

எதுவும் நடக்காமல் அடுத்த இலையுதிர் வரை இருக்க நேர்ந்தால், ஐ-20 முடிவதற்கு முன்பே சர்வதேச மாணவர் அலுவலகத்தில் நீட்டிப்பு வாங்கியாக வேண்டும். முடிந்த மறுநாள் போய் நின்றால் அது நீட்டிப்பு இல்லை, விசா அந்தஸ்து மீட்பு, வேறு தலைவலி. கடைசிப் பருவத்தில் ஒரே பாடம் பாக்கி என்றால், பருவத்துக்கு 12 கிரெடிட் என்ற விசாக் கட்டாயம் தளரும், ஆனால் அந்த அலுவலகத்தின் முன் அனுமதியோடு மட்டும். அந்த ஒரே பாடம் ஆன்லைனாக இருக்கக் கூடாது.

அப்பாவின் மெயிலுக்குப் பதில் வராததில் யாருக்கும் வருத்தம் வேண்டாம். 1974-இல் வந்த ஃபெர்பா என்ற சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்தவுடன் கல்விப் பதிவுகள் மீதான உரிமை மாணவரிடம் வந்துவிடுகிறது. உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் உங்கள் மதிப்பெண்ணைப் பற்றிப் பெற்றோரிடம் பேசப் பொதுவாக அலுவலர்கள் துணிய மாட்டார்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டால் பேசுவார்கள்தான். ஆனாலும் மனு உங்கள் பல்கலைக்கழக மெயிலிலிருந்து, உங்கள் பெயரில் போவதே நல்லது.

இனி இரண்டாம் பட்டம். வீட்டில் சொல்லும் "இரண்டு டிகிரி" என்பதற்குள் வெவ்வேறான மூன்று ஏற்பாடுகள் ஒளிந்திருக்கின்றன. இரட்டை மேஜர் என்றால் பட்டம் ஒன்றுதான், அதில் இரண்டு மேஜர். கூடுதல் மொத்தக் கிரெடிட் பெரும்பாலும் தேவையில்லை, இரண்டு துறையின் பாடங்களும் முடிந்தால் போதும். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் என்றால் சான்றிதழும் இரண்டு. பொதுவாக முதல் பட்டத்துக்கு மேல் 30 கிரெடிட், ஆக 150. முதல் பட்டம் வாங்கிய பிறகு திரும்ப வந்து படிப்பது மூன்றாவது வகை. அங்கேயும் அந்த 30 கிரெடிட்டை அதே பல்கலைக்கழகத்தில் எடுக்கச் சொல்வார்கள், புதிதாக அட்மிஷனும் வாங்க வேண்டும். ஒரே கல்லூரிக்குள் ஒரே வகைப் பட்டம் (இரண்டும் பி.எஸ்.) இரண்டு தரமாட்டோம், இரட்டை மேஜர்தான் என்று சொல்லும் இடங்களும் உண்டு.

உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். மே மாதம் 121.67. இரட்டை மேஜருக்கு ஆறு பாடம், 18 கிரெடிட். அதில் ஒன்றை வசந்தத்தில் எடுக்கும் மேல்நிலைப் பாடத்தோடு பொருத்த முடிந்தால் ஐந்து. இரண்டு பட்டத்துக்கு 150-ஐத் தொட இன்னும் 28.33, அதாவது பத்துப் பாடம். கணிதத்துக்குத் தேவையான ஆறு போக மீதி நான்கும் எண்ணை நிரப்புவதற்காக மட்டும். வெளிமாநில, வெளிநாட்டு மாணவர் கட்டணத்தில் நான்கு பாடத்தை எண்ணிக்கைக்காக எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆறு பாடம் என்கிறீர்களே, அதில் ரியல் அனாலிசிஸும் அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவும் இருந்தால் இரண்டாம் பாகம் அடுத்த பருவத்தில்தான் நடக்கும்; ஒரே பருவத்தில் ஆறையும் அடுக்க முடியாது. இந்த மே இல்லை, அதற்கு அடுத்த மே வரை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"முதலில் இதை முடித்துவிட்டு அப்புறம் சேர்த்துக்கொள்ளலாமா" என்ற கேள்விக்குப் பதில், பெரும்பாலான இடங்களில் முடியாது. பட்டம் வழங்கிய நாளோடு அந்தப் பதிவு மூடப்படும். அதன்பின் ஆறு பாடத்தையும் முடித்தாலும் பழைய பட்டத்தில் மேஜர் ஏறாது, ட்ரான்ஸ்கிரிப்டில் வெறும் பாடங்களாகக் கிடக்கும். இரட்டை மேஜர் வேண்டுமென்றால் மே பட்டத்தையே தள்ளிப்போட வேண்டும், பட்ட விண்ணப்பத்தைத் திரும்பப் பெற வேண்டும், வேலை ஆஃபரையும் தள்ளிக் கேட்க வேண்டும். ஐ-20 நீட்டிப்புக்கும் கல்விக் காரணம் காட்ட வேண்டும். "இன்னொரு மேஜர் ஆசை" போதுமா என்பதை உங்கள் சர்வதேச மாணவர் அலுவலகம்தான் சொல்ல வேண்டும், மேஜரை அறிவிப்பதற்கு முன்பே கேளுங்கள்.

வீட்டில் எடுத்துச் சொல்ல இன்னொரு விஷயம்: 12 மாத ஓ.பி.டி. ஒரு கல்வி நிலைக்கு ஒன்றுதான். இளநிலையில் ஒருமுறை பயன்படுத்திவிட்டால், இரண்டாவதாக இன்னொரு இளநிலை வாங்கினாலும் புதிதாக ஒன்று கிடைக்காது. முதுநிலைக்குப் போனால் கிடைக்கும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்புக்கான 24 மாத நீட்டிப்பும் அப்படித்தான், அடுத்த உயர்ந்த நிலைக்குத்தான் இரண்டாம் முறை. கணிதம் உண்மையாகவே பிடித்திருந்தால், இரண்டு வருட வேலைக்குப் பிறகு முதுநிலைப் புள்ளியியலோ அப்ளைடு மேத்ஸோ படிப்பது எல்லா வகையிலும் லாபம். அதில் சேரக் கணித மேஜர் வேண்டும் என்பதில்லை, லீனியர் அல்ஜீப்ரா, அனாலிசிஸ் போன்ற சில பாடங்கள் இருந்தால் பல இடங்களில் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டாம் இளநிலை அர்த்தமுள்ள இடங்களும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். உரிமம் வேண்டிய தொழிலுக்கு மாறுகிறவர்கள், குறிப்பாக நர்ஸிங். வேறு பட்டம் உள்ளவர்களுக்கென்றே 12 முதல் 18 மாதத்தில் முடியும் நர்ஸிங் பட்டங்கள் இருக்கின்றன. குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ள வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: முதல் இளநிலை முடிந்ததோடு பெல் என்ற அரசு உதவித்தொகை நின்றுவிடும். ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களில் பட்டத்துக்குத் தேவையானதைவிட அதிகமாக எடுக்கும் கிரெடிட்டுக்குக் கூடுதல் கட்டணமும் இருக்கிறது. இரட்டை மேஜருக்கும் இரண்டாம் பட்டத்துக்கும் அதில் விலக்கு உண்டா என்று சேருவதற்கு முன் கேளுங்கள்.

உங்களுக்கு நான் சொல்வது கணித மைனர், அதாவது துணைப்பாடம். பெரும்பாலும் 18 முதல் 21 கிரெடிட், அதில் கால்குலஸும் லீனியர் அல்ஜீப்ராவும் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும். வசந்தத்தில் எடுக்கும் அந்த ஒரு மேல்நிலைப் பாடத்தோடு அது முடிந்துவிடவும் கூடும். மேஜருக்கும் மைனருக்கும் எத்தனை கிரெடிட் பொதுவாக எண்ணலாம் என்று கணிதத் துறையில் கேட்டுக்கொண்டு, அந்தப் பாடத்தைப் புள்ளியியல் மாற்றாகவும் மைனருக்காகவும் இரண்டு பக்கமும் செல்லுபடியாகும்படி தேர்ந்தெடுங்கள். மைனர் அறிவிப்புப் படிவத்தை வசந்தப் பருவத்தின் பட்டச் சரிபார்ப்பு தொடங்கும் முன் கொடுத்துவிடுங்கள். மேஜரைப் போலவே அதுவும் பட்டம் வழங்கிய பிறகு ஏறாது.